ஊரார் முன்னிலையில்

(சிவாஜிநகர் மாதா கோயிலையும் அங்கே நடைபெறும் திருமணங்களையும் குறித்துக் காக்ஸ் டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிவாஜிநகர் மாதா கோயிலில் நடைபெறும் திருமணங்களைப் பற்றி இன்று மாலை பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். காக்ஸ் டவுனில் நின்று இந்த விஷயத்தைப் பேசுவது மிகவும் பொருத்தம் என்றே கருதுகிறேன். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு என்னும் படைமுகாமை அமைத்தபோது, சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் துணி வியாபாரிகளாகவும் சமையற்காரர்களாகவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் நெடுங்காலம், இன்று சிவாஜிநகர் எனப்படும் பிளாக்பள்ளியின் குறுகிய சந்துகளிலேயே நெருங்கி வாழ்ந்தார்கள். 1898-இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் அந்தச் சந்துகளில் புகுந்து வீடு வீடாகச் சூறையாடிய பிறகே, ஜன நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு வடக்கே பிரேசர் டவுனும், பின்னர் கலெக்டர் காக்ஸின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியும் காற்றோட்டமான தெருக்களோடு தோன்றின. வீடு மாறி வந்தவர்களில் பலர் கோயிலை மாற்றிக்கொள்ளவில்லை. கோல்ஸ் பார்க்கின் அருகே, 1911-இல் தொடங்கி 1932-இல் முடிந்த புனித சவேரியார் பேராலயம் கருங்கல்லில் கம்பீரமாக எழுந்து நின்ற பின்னரும், மகளுக்கோ மகனுக்கோ மணம் பேசி முடித்தவுடன், தம் பங்குச் சாமியாரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, பாட்டனும் பாட்டியும் மாலை மாற்றிய சிவாஜிநகர் கோயிலையே நாடிச் செல்லும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு.

அவர்களோடு இக்காலத்தில் வேறொரு வகையினரும் சேர்ந்திருக்கிறார்கள். திருமணம் நிச்சயமானதும், எந்தச் சர்ச் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று விசாரித்து, கூர்கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் நீண்ட நடுவழியும் உள்ள ஆலயங்களை வரிசைப்படுத்தி, மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல் ஆலயத்தைத் தேர்ந்தெடுக்கும் இளம் தம்பதிகளைச் சொல்கிறேன். அவர்களை நான் குறை கூற வரவில்லை. சௌந்தரியத்தை நாடுவது மனித இயல்பு; அதிலும் வாழ்நாளில் ஒருமுறை நிகழும் மங்கள காரியத்துக்கு அழகிய இடம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் பிழை என்ன இருக்கிறது? ஆனால் அந்த அழகு அங்கே என்ன வேலை செய்வதற்காக வைக்கப்பட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அந்த வேலை, சாட்சி நிற்கும் வேலை. இதை நிரூபிப்பதற்கே இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கட்டடத்தின் சரித்திரம். செஞ்சிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் காணிக்கை மாதா என்னும் திருநாமத்தில் ஒரு சிறு கோயில் வைத்து வணங்கி வந்தார்கள். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த அபே துபுவா பாதிரியார் 1818-இல் அங்கே கூரை வேய்ந்த கோயில் ஒன்றைக் கட்டினார். இந்து ஜனங்களின் ஆசார அனுஷ்டானங்களைப் பற்றிப் பெருநூல் எழுதி ஐரோப்பாவெங்கும் கீர்த்தி பெற்ற அதே துபுவாதான் இவர். மைசூர் ராஜ்யத்தில் பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்தும் முறையைப் பரப்பியவரும் இவரே. 1823-இல் அவர் தாய்நாடு திரும்பிய பின்னர், தண்டு பெருகப் பெருகக் கோயிலும் இடம் போதாமல் திணறவே, 1875-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் மைசூர் மேற்றிராணியாராக விளங்கிய கிளெய்னர் பாதிரியாரின் பொறுப்பில் புதிய ஆலயத்தின் வேலை தொடங்கிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, 1882 செப்டம்பர் 8-ஆம் தேதி, மாதாவின் பிறந்த திருநாளன்று, அது அபிஷேகம் செய்யப்பெற்றது. கோபுரத்தின் உயரம் 160 அடி. 1973-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதற்குப் பசிலிக்கா என்னும் பட்டத்தை அருளினார்.

இந்த ஆண்டுக் கணக்கில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பாழ்படுத்திய தாது வருஷப் பஞ்சம், இந்த ஆலயம் எழுந்த ஏழு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்குகிறது. மைசூர் ராஜ்யத்தில் கிராமங்கள் காலியாகி, கஞ்சித்தொட்டிகளை நாடி ஜனங்கள் சாலை சாலையாக நடந்த அந்தக் காலத்தில், இங்கே சுவர் உயர்ந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட காலத்தில் பிறந்த கட்டடத்தை வெறும் அலங்காரம் என்று எவ்வாறு சொல்வது?

இந்த ஆலயம் எழுந்த, கோதிக் என்று மேனாட்டார் வழங்கும் சிற்பமுறை, பாரிஸ் நகரின் அருகேயுள்ள செயின்ட் டெனிஸ் மடாலயத்தில், சுஜே என்னும் மடாதிபதி 1144-இல் முடித்த பீடப் பகுதியிலிருந்து தொடங்குவதாகச் சரித்திரக்காரர் கூறுவர். அதன் ரகசியம் வளைவின் கூர்நுனியில் இருக்கிறது. அரைவட்ட வளைவின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். தூண்களின் இடைவெளியை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்ட அதில் வழியில்லை. இரண்டு வில்கள் உச்சியில் கூடிக் கூர்மையாக நிற்கும் வளைவிலோ, அகலம் எதுவானாலும் உயரத்தை விரும்பியபடி ஏற்றலாம். மேற்பாரம் பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைந்து, தூண்களின் வழியே நிலத்தில் இறங்கிவிடும். சுமக்கும் வேலையைத் தூண்களும் உதைசுவர்களும் ஏற்றுக்கொண்டபடியால் சுவருக்கு வேலை குறைந்தது; வேலை குறைந்த சுவரைத் திறந்து கண்ணாடி பதித்தார்கள். சிவாஜிநகர் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை இரண்டாம் உலக யுத்தத்தின்போது கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தி, 1947-இல் மீண்டும் பொருத்தினார்கள் என்பதிலிருந்து, அவற்றை அந்தத் தலைமுறையினர் எவ்வளவு அருமையாகப் பேணினார்கள் என்பது விளங்கும்.

நம் நாட்டுக் கல்யாண மண்டபங்களோடு இதை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். வேலூர் ஜலகண்டேசுவரர் ஆலயத்துக் கல்யாண மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள்; யாளியும் குதிரை வீரனும் பாய்ந்து நிற்கும் அந்தத் தூண்களின் நடுவே மேடையில் எழுந்தருளி மணம் கொள்பவர் தெய்வம்; ஊரார் பிராகாரத்தில் நின்று சேவிப்பார்கள். கோதிக் ஆலயமோ ஊர் முழுவதையும் ஒரே கூரையின்கீழ் உள்ளே அழைத்து, ஒரே திசையை நோக்கி அமர்த்துகிறது. மணமக்கள் வாசலிலிருந்து பீடம் வரை நடக்கும் அந்த நீண்ட நடுவழியில், இருபுறமும் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அவர்களின் முகத்தைப் பார்க்க முடியும். படம் எடுப்பவர்கள் மிகவும் விரும்பும் வழியும் அதுவே. ஆனால் அந்த வழி அமைந்ததன் பயன், இன்னார் மகளை இன்னார் மகன் கொள்கிறான் என்று ஊரார் கண்ணாரக் காண்பதில் இருக்கிறது.

இந்தச் சாட்சியத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் வந்தது? மத்திய காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் திருமணம் ஆலயத்தின் வாசலில் நடந்தது. தெருவில் போவோரும் காண அங்கே சம்மதம் கேட்டு மோதிரம் அணிவித்த பிறகே, பூசைக்காக உள்ளே சென்றார்கள். வீட்டு வாசலில் பந்தலிட்டு மணம் முடிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். கத்தோலிக்க வேத சாஸ்திரத்தின்படி விவாகத்தை நிறைவேற்றுகிறவர் குருவானவர் அல்லர். மணமக்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லும் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது. குருவானவர் திருச்சபையின் பெயரால் அதைக் கேட்டு நிற்கும் சாட்சி. இதனால் ஒரு பெரும் தொல்லை விளைந்தது. யாரும் அறியாமல் தனிமையில் சொல்லிக்கொண்ட சம்மதமும் சம்மதமே என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தமையால், ஒருத்திக்கு வாக்களித்துவிட்டுப் பின்னர் அவளை அறியேன் என்று சாதித்து, வேறொருத்தியை வெளிப்படையாக மணந்தவர்கள் பெருகினார்கள். வஞ்சிக்கப்பட்ட பெண்ணுக்கோ ஆதாரம் இல்லை. இந்த அநியாயத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கவே, 1563-இல் திருச்சபையின் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இருந்தாலன்றி விவாகம் செல்லாது என்றும், முன்னதாக மூன்று திருநாட்களில் அதை ஊரறிய அறிவிக்க வேண்டும் என்றும், நடந்ததைப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றும் விதித்தது.

இதைப் படித்தபோது தொல்காப்பியரின் நினைவு எனக்கு வராமல் போகவில்லை. களவில் கூடியவர் பின்னர் இல்லையென்று மறுக்கும் பொய்ம்மையும், சொன்னபடி ஒழுகாத பிழையும் உலகில் தலைகாட்டிய பிறகே பெரியோர்கள் திருமணச் சடங்கை விதித்தார்கள் என்று அவர் கற்பியலில் காரணம் காட்டுகிறார். ஒரு பெண்ணின் நலத்தை உண்டுவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச் சூள் உரைத்தவனைக் கள்ளூர் அவையத்தார் சாட்சி கேட்டு உண்மை அறிந்து, கட்டிவைத்துத் தலையில் நீற்றைப் பெய்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. தமிழகத்துப் பெரியோரும் திரிதெந்தீன் நகரத்து மேற்றிராணிமாரும் ஒருவரையொருவர் அறியாமல், பல நூற்றாண்டு இடைவெளியில், ஒரே நோயைக் கண்டு ஒரே மருந்தைச் சொன்னார்கள். பெண்ணின் பக்கத்தில் ஊர் நிற்க வேண்டும் என்பதே அந்த மருந்து.

நம் கோயில்களில் ஓலை வாசிக்கும் வழக்கம் அந்தச் சங்கத்தின் விதியிலிருந்து வந்தது. பூசை முடிவில், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் குமாரனுக்கும் இன்னார் குமாரத்திக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர் என்று முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலையாக வாசிக்கும்போது, பெஞ்சில் இருக்கும் கிழவிகள் தலையை நிமிர்த்திக் கேட்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் வம்புக்குக் கேட்பதாக எண்ணுவோர் உண்டு. ஊரின் காவலை அவர்கள் செய்கிறார்கள் என்பது என் துணிபு. அண்டை வீட்டாரின் பெயரே தெரியாத இந்தப் பெருநகரத்தில் அந்தக் காவலின் அவசியம் கூடியிருக்கிறதே அல்லாமல் குறையவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டமும் இதே நோக்கத்தோடு, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் விவாகம் நடைபெற வேண்டும் என்று பொதுவிதி வகுத்தது. மேற்றிராணியாரின் அனுமதி பெற்ற குருக்கள் முதலியோருக்கு மட்டுமே விலக்கு அளித்தது.

இனித் தாலியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஐரோப்பியப் பாணியில் எழுந்த ஆலயத்தில் தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவது எப்படி நிலைபெற்றது என்பது, அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தைவிடவும் சுவையானது. 1703-இன் இறுதியில் பாப்பரசரின் பிரதிநிதியாகப் புதுச்சேரி வந்து இறங்கிய தூர்னோன் என்னும் பிரபு, சேசு சபைக் குருக்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அனுமதித்திருந்த வழக்கங்களை விசாரித்து, 1704-இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியக் கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. மணப்பந்தலில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கலாகாது. ஆனால் தாலியையே கழற்றிவிடும்படி அவர் சொல்லவில்லை. சிலுவையோ வேறு புனித உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்று இடம் கொடுத்தார். அந்தக் கட்டளையால் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பளிக்கும்வரை ஓயவில்லை. நாற்பது ஆண்டு வழக்கு. அத்தனை சாஸ்திரிகளும் வாதாடிய பிறகும், தாலி இல்லாத விவாகத்தை விவாகமாக எண்ணத் தமிழ்த் தாய்மார்கள் ஒருப்படவில்லை. இன்று சிலுவையோ புறாவோ பொறித்த தாலியைத் தட்டில் வைத்து, பூவும் பழமும் சூழ, சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கும்போது, அதன்பின் இருக்கும் இந்தப் பழங்கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெண்ணிற உடையின் கதை இவ்வளவு நீளமானது அன்று. 1840-இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு வெண்பட்டு உடுத்திய பிறகு அது ஐரோப்பாவில் பரவி, தண்டுப் பகுதியின் ஆங்கிலேய வீடுகள் வழியே நம்மிடம் வந்தது. அமங்கலத்தின் நிறம் என்று வெள்ளையை ஒதுக்கிய தமிழ்ச் சமூகம் அதை ஏற்றுக்கொண்டபோதும், சட்டையாக ஏற்காமல் சரிகைக் கரையிட்ட வெண்பட்டுச் சேலையாகவே பெரும்பாலும் ஏற்றது. மாலை வரவேற்பில் சிவப்புக் கூறை தவறாது வந்துவிடும். செப்டம்பர்த் திருவிழாவில் அதே கோயிலின் மாதாவும் சேலை உடுத்தித்தான் தேரில் எழுந்தருளுகிறாள்.

ஈஸ்டர் கழிந்த ஒரு வாரநாளில் நான் அங்கே கண்ட மணம் ஒன்றைச் சொல்கிறேன். தவக்காலத்தில் மங்கள காரியங்களை ஒத்திவைக்கும் வழக்கத்தால், அது முடிந்தவுடன் மணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இரு வீட்டாரும் எளியவர்கள். உறவினர்கள் முன்வரிசைகளைக்கூட நிரப்பவில்லை. ஆயினும் பூசை தொடங்கிச் சிறிது நேரத்துக்குள், எதிரேயுள்ள ரஸல் மார்க்கெட்டுக்கு வந்து, காய்கறிப் பையோடு மெழுகுவர்த்தி ஏற்ற நுழைந்த பெண்கள், வெளியேறாமல் பின்வரிசைகளில் அமர்ந்துவிட்டார்கள். முக்காடிட்ட முஸ்லிம் மூதாட்டி ஒருவரும் ஒரு தூணருகே நின்றார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அவன் தமக்கை பின்னிருந்து மற்ற முடிச்சுகளை இறுக்கினாள்; அப்போது அந்தப் பின்வரிசைப் பெண்கள், அழைப்பிதழ் பெறாதவர்கள், தாமே எழுந்து நின்றார்கள். பூசை முடிந்து பதிவேட்டில் கையெழுத்திடும் நேரத்தில், பெண்ணின் தாய்க்கு எழுதத் தெரியாதென்று கண்ட உபதேசியார், மைப்பெட்டியைத் திறந்து, அம்மாளின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, ஏட்டின் கட்டத்துக்குள் கோடு தாண்டாமல் பதியவைத்து, பிறகு தம் மேஜையிலிருந்த துணித்துண்டால் அந்த விரலைத் துடைத்துவிட்டார். லட்சாதிபதி வீட்டுத் திருமணத்துக்கும் அதே ஏடுதான், அதே அளவுக் கட்டம்தான். இந்தச் சமத்துவத்தை வாடகை மண்டபம் எதுவும் தர இயலாது.

இதையெல்லாம் மறைத்துவிடும் அலங்காரங்களைக் காணும்போதுதான் என் மனம் வருந்துகிறது. கூர்வளைவின்கீழ் தெர்மாக்கோலால் இன்னொரு வளைவு எதற்கு? நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற தூணில் பூத்தோரணத்துக்காக ஆணி அடிக்கும் கை கூசவேண்டாமா? சம்மதம் கேட்கும் அந்த ஒரு நிமிஷத்தில் படக்காரர்கள் ஐந்தாறு பேர் பீடத்தின்முன் அரணாக நின்றுவிட, பெஞ்சில் இருக்கும் பாட்டிக்குப் பேத்தியின் முகம் தெரியாமல் போகிறது. சாட்சிகளின் கண்ணை மறைத்துவிட்டுச் சாட்சியத்தைப் படம் பிடிப்பது என்ன நியாயம்? இந்த விஷயத்தில் பங்குக் குருக்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் நான் அவர்கள் கட்சியே.

ஆகையால் உங்களிடம் என் விண்ணப்பங்கள் சில உண்டு. எந்தக் கோயிலில் மணம் வைத்தாலும், அந்தக் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்கூட்டியே சில வாரங்கள் சென்று, உங்கள் ஓலை வாசிக்கப்படும்போது அந்த ஜனங்களின் நடுவே அமர்ந்திருங்கள். பூக்களை நூலால் பெஞ்சில் கட்டச் சொல்லுங்கள். தூணையும் சுவரையும் ஜன்னலையும் தொடவேண்டாம். விருந்துச் செலவில் ஒரு பங்கைக் கோயிலின் கூரைக்கும் கண்ணாடிக்கும் கொடுங்கள். கடைசியாக, பதிவேட்டில் கையெழுத்திடும்போது படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிறுக்கிவிட்டு எழுந்து வராமல், பெயரையும் தாய் தந்தையர் பெயரையும் ஊரையும் எழுதுகிறவர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று ஒரு முறை வாசித்துப் பார்த்து, பேரப்பிள்ளைகள் வாசிக்கும்படியாகத் தமிழிலேயே தெளிவாகக் கையெழுத்திடுங்கள்.